நான்காம் அறையின் நேர்க்கோடு

2023 அக்டோபர் 30, திங்கட்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு சிவராம் ஒரு கோட்டைப் பார்த்துப் பயந்தார்.

பயப்படுவது அவருக்குப் புதிதல்ல. வயது ஐம்பத்தொன்று. அதில் அவர் பயமில்லாமல் கழித்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பாள் மனைவி மீனாக்ஷி. பாலிகஞ்ச் வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கியவர், மறுபடியும் மூன்று மாடி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். ரயிலில் போனால் இறங்கவேண்டிய ஸ்டேஷனுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்பே வாசலுக்கு வந்து நிற்பார். தாத்தா 1926இல் வங்கி வேலைக்காகக் கல்கத்தா வந்தவர். அப்பா அனந்தகிருஷ்ணனும் வங்கிதான். பயந்தவன் கையில்தான் பெட்டிச் சாவியைக் கொடுக்கலாம் என்பது அந்தக் குடும்பத்தில் வழங்கிய பேச்சு. சிவராம் வங்கிப் பக்கம் போகவில்லை. கம்ப்யூட்டர் படித்து, மூன்று இடம் மாறி, 2017 ஜூலை 3ஆம் தேதி ஒரு மருந்துக் குளிர்கிடங்கு கம்பெனியில் சேர்ந்தார். சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் ஆபீஸ். கிடங்கு கிடர்பூரில், துறைமுகத்துக்கு லாரிகள் திரும்பும் சாலையில் இருந்தது.

கிடங்கில் ஏழு குளிர் அறைகள். பெரும்பாலும் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்துகள்தான் அங்கே இருக்கும். அறையின் குளிர் இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கண்காணிப்பு நிரலை சிவராம் சர்வரில் வைத்திருந்தார். பார்வைக்குத் தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் அது. தானாக அதற்கு எதுவும் தெரியாது. ஒவ்வொரு விஷயத்துக்கும் பிளகின் என்ற ஒரு துணை நிரலைச் சேர்க்க வேண்டும். சர்வரின் நினைவகத்துக்கு ஒன்று, டிஸ்க்குக்கு ஒன்று, குளிரூட்டும் கம்ப்ரசர்கள் இழுக்கும் மின்சாரத்துக்கு ஒன்று, அறைகளின் வெப்பநிலைக்கு ஒன்று. எதை எத்தனை வினாடிக்கொரு தரம் பார்க்க வேண்டும், எந்த அளவு தாண்டினால் யாரை எழுப்ப வேண்டும் என்பதையெல்லாம் ஒரு கோப்பில் வரி வரியாக எழுதிவைக்க வேண்டும். அந்தக் கோப்பை சிவராம் கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்துகிறவர் மாதிரி படிப்பார்.

அன்று அவர் செய்துகொண்டிருந்ததும் அதுதான். துர்கா பூஜை விடுமுறை முடிந்து, லக்ஷ்மி பூஜையும் கழிந்து, ஆபீஸ் திறந்த முதல் நாள். பழைய சர்வரை மாலை நான்கு மணிக்கு எடுத்துப்போய் அழித்துவிடுவதாக ஏற்பாடு. அதற்குள் பிளகின்களை ஒவ்வொன்றாகப் புதிய சர்வரில் அமைத்து, பழையதும் புதியதும் ஒரே எண்ணைச் சொல்கின்றனவா என்று ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். முதல் மூன்று அறைகளும் சரியாக இருந்தன. நான்காம் அறைக்கு வந்தபோது புதிய சர்வர் ஒன்றுமே காட்டவில்லை. பழையது 4.3 என்றது.

பழையதில் அந்த அறையின் வரைபடத்தை விரித்தார். குளிர் அறையின் கோடு ரம்பப் பல் மாதிரி இருக்கும். கம்ப்ரசர் ஓடும்போது இறங்கும், நிற்கும்போது ஏறும், கதவு திறந்தால் துள்ளும். நான்காம் அறையின் கோடு அடிக்கோல் வைத்துப் போட்டது போல நேராக இருந்தது. பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். சப்தமி தினம், அக்டோபர் 21, காலை 10.40 வரை நேர்க்கோடு. நிமிடத்துக்கு ஒன்றாக 12,935 தடவை, ஒரு புள்ளி பிசகாமல் 4.3.

எந்தக் குளிர் அறையும் ஒன்பது நாள் அப்படி அசையாமல் இருக்காது. அந்தக் கோட்டைப் போட்டது யார் என்று சிவராமுக்கு உடனே தெரிந்துவிட்டது.

2019இல் நான்காம் அறையின் உணர்கருவிக் கம்பி அடிக்கடி தொடர்பு விட்டுப்போகும். பதில் வராவிட்டால் வெப்பநிலை பிளகின் ‘யூ’ என்ற ஒற்றை எழுத்தை அனுப்ப வேண்டும். தெரியாது என்று அதற்கு அர்த்தம். வரைபடத்தில் அந்த இடம் வெற்றாக விடப்படும், எல்லார் போனிலும் எச்சரிக்கை அடிக்கும். ஒரே நாளில் இருபத்து மூன்று தடவை அடித்தது. கிடங்கு சூப்பர்வைசர் கோவிந்தராஜன், கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவர், வாய்த்துடுக்கு அதிகம், போனிலேயே சொன்னார்: “சார், காளிகாட்டுல கூட இவ்ளோ மணி அடிக்க மாட்டாங்க. நீங்க பேசாம பூசாரியாவே போயிருக்கலாம்.” மேலிடமும் சத்தத்தை நிறுத்தச் சொன்னது. ஆகஸ்ட் 14ஆம் தேதி, மறுநாள் லீவு என்ற அவசரத்தில், சிவராம் பிளகினின் 37ஆம் வரியை மாற்றினார். பதில் வராவிட்டால் ‘யூ’ வேண்டாம், கடைசியாக வந்த எண்ணையே திரும்பச் சொல். கம்பியை மாற்றியதும் இதை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். செப்டம்பரில் கம்பியை மாற்றினார்கள். வரி இருந்துவிட்டது. புதிய சர்வருக்கு அவர் இன்று சுத்தமாக எழுதிய பிளகினில் அந்த வரி இல்லை. அதனால்தான் அது வெறுமையைக் காட்டியது.

கிடர்பூருக்குப் போன் போட்டார்.

“கோவிந்தராஜன், நாலாம் ரூம் வாசல்ல முள் வெச்ச தெர்மாமீட்டர் இருக்கே, அது எவ்வளவு காட்டறதுன்னு பார்த்துச் சொல்லுங்கோ.”

“ஸ்கிரீன்லயே இருக்கே சார். நாலு புள்ளி மூணு.”

“ஸ்கிரீன் வேண்டாம். எழுந்து போய்ப் பாருங்கோ.”

“பூஜை முடிஞ்சு மொத நாளே ஆரம்பிச்சிட்டீங்களா?” என்றபடி அவர் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பி வர இரண்டு நிமிடம் ஆயிற்று. “நாலரை இருக்கும் சார். முள்ளுதானே, புள்ளியெல்லாம் தெரியாது.”

சிவராமுக்கு மூச்சு வந்தது. இப்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இடையில்? கிடங்கில் ஒரு பதிவேடு உண்டு. காலை ஒன்பது, மாலை ஆறு, தினம் இரண்டு தடவை முள்ளைப் பார்த்து எழுத வேண்டும் என்பது விதி.

“ரெஜிஸ்டரை எடுங்கோ. சப்தமியிலேர்ந்து நாலாம் ரூமைப் படியுங்கோ.”

“இருபத்தொண்ணு காலைல நாலு புள்ளி ஆறு. சாயங்காலம் நாலு புள்ளி மூணு. இருபத்திரண்டு காலைல நாலு புள்ளி மூணு, சாயங்காலம் நாலு புள்ளி மூணு. இருபத்திமூணு, நாலு புள்ளி மூணு…” வேகமாகப் படித்துக்கொண்டு வந்த குரல் மெள்ளத் தேய்ந்தது. பிறகு நின்றது.

“பதினெட்டு தடவையும் அதேதானா?”

“ஆமா சார்.”

“எதைப் பார்த்து எழுதினேள்?”

“ஸ்கிரீனைப் பார்த்துத்தான் சார். நானும் எழுதுவேன், மத்த ஷிப்டுக்காரங்களும் அப்படித்தான். முள்ளைப் பார்த்து நாலரைன்னு எழுதினா, ஆடிட்டர் புள்ளி எங்கடான்னு கேக்கறாரு. ஸ்கிரீனைப் பார்த்து எழுதினா ஸ்கிரீனும் ரெஜிஸ்டரும் ஒத்துப்போகுது, அவரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறாரு. மூணு வருஷமா இதான் வழக்கம்.”

ஒன்றை ஒன்று சரிபார்க்க வேண்டிய இரண்டு பதிவுகள். இரண்டுக்கும் தாய் அந்த 37ஆம் வரிதான். ஒன்பது நாளாக அந்த அறையில் என்ன குளிர் இருந்தது என்பதற்கு உலகத்தில் சாட்சியே இல்லை.

அப்புறம்தான் மின்சார பிளகின் நினைவுக்கு வந்தது. யாரும் பார்க்காத எண்கள் அவை. அவரே திறந்து பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. வெப்பநிலைக்குப் போல நிமிடக் கணக்கு இதற்கு இல்லை, பழைய நாட்களுக்கு மணிக்கொரு சராசரி மட்டும்தான் மிஞ்சும். அது போதும். கம்ப்ரசர் மணிக்கு இருபது நிமிடம் ஓடி நாற்பது நிமிடம் ஓய்வெடுக்கும். சராசரி மூன்று ஆம்பியர் வரும். நான்காம் அறையின் எண்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். மூன்று, மூன்று, மூன்று. அஷ்டமி, 22ஆம் தேதி, மதியம் ஒரு மணிக்கு ஒன்பது ஆயிற்று. அடுத்த மணியும் ஒன்பது. நவமி விடிகாலை ஐந்து மணி வரை பதினாறு வரிகள் ஒன்பது. ஐந்து மணிக்குப் பிறகு கொஞ்ச நேரம் பூஜ்யம். மின்சாரம் போயிருக்கிறது. திரும்பி வந்தபின் மூன்று. கம்ப்ரசரை நிறுத்தும் விசை சிக்கிக்கொண்டு, மின்சாரம் போய் வந்ததில் விடுபட்டிருக்க வேண்டும்.

பூஜைப் பந்தல்களில் ஊரே வரிசையில் நின்ற நாளில், நான்காம் அறையின் கம்ப்ரசர் பதினாறு மணி நேரம் ஓய்வில்லாமல் குளிரூட்டியிருக்கிறது. உள்ளே உறைநிலைக்குக் கீழே போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். உறைந்துபோன தடுப்பூசி மருந்து உருகிய பிறகு பழையபடியே இருக்கும். நிறம் மாறாது, வாடை வராது. கையில் எடுப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

பதினாறு எண்களையும் தாளில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டாக்சி பிடித்தார். ‘மா’ என்ற மேம்பாலத்தில் டாக்சி ஏறி இறங்கும்வரை பைக்கு வெளியே கையால் அந்தத் தாளைத் தடவித் தடவிப் பார்த்தார்.

கிடங்கு வாசலில் ஒரு குளிர்வண்டியில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. மூன்றரை மணிக்குப் புறப்பட வேண்டிய வண்டி.

“எந்த ரூம் சரக்கு?”

“நாலு,” என்றார் கோவிந்தராஜன். “முத்தடுப்பு ஊசி. ஐந்நூத்தி இருபது குப்பி.”

“ஏத்தறதை நிறுத்துங்கோ. சப்தமிக்கப்புறம் நாலுலேர்ந்து வேற எதாவது போயிருக்கா?”

“வியாழக்கிழமை அறுநூத்தி அறுபது. வெள்ளிக்கிழமை நானூத்தி எண்பது. எல்லாம் பிரைவேட் கிளினிக்.”

ஆயிரத்து நூற்று நாற்பது. ஒரு குப்பி ஒரு குழந்தைக்கு.

உணர்கருவிக் கம்பியை இருவரும் போய்ப் பார்த்தார்கள். கூரையோரம் அது துண்டாகிக் கிடந்தது. பல் தடம் தெளிவாகத் தெரிந்தது. கிடர்பூர் எலிகளுக்குத் துறைமுக அரிசி தின்று பழக்கம். எதையும் விடாது.

கோவிந்தராஜன் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். “சார், தப்பா நினைக்காதீங்க. இன்னிக்குக் காலைலதான் எலி கடிச்சதுன்னு வெச்சுக்குவோம். ரூம் இப்ப நாலரைல நிக்குது. இந்த வண்டியை மட்டும் ஏதோ சொல்லி நிறுத்திடலாம். போனது போச்சு.”

“அன்னிக்கு கம்ப்ரசர் பதினாறு மணி நேரம் நிக்காம ஓடியிருக்கு.”

“அது உங்களுக்குத்தான் தெரியும். பழைய சர்வரு நாலு மணிக்குப் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க? எலி வந்து சாட்சி சொல்லவா போவுது?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “பதினெட்டு பொய்யை எழுதினவங்கள்ல நானும் ஒருத்தன் சார். எனக்குப் பயமா இருக்கு.”

சிவராமுக்கும் அதே பயம்தான். கூடவே அந்த யோசனை எவ்வளவு எளிது என்பதும் தெரிந்தது. மணி ஒன்று ஐம்பது. வாயைத் திறக்காமல் இரண்டு மணி பத்து நிமிடம் சும்மா இருந்தால் போதும். 37ஆம் வரி மண்ணோடு மண்ணாகும். மருந்து ஒருவேளை உறையாமலே இருந்திருக்கலாம். ஒருவேளை, ஒருவேளை என்று மனம் அவரை முன்னால் தள்ளிக்கொண்டே போயிற்று. அந்த ஐந்து நிமிடம் தான் நல்லவனா கெட்டவனா என்றே தெரியவில்லை என்று பிற்பாடு மீனாக்ஷியிடம் சொன்னார்.

தர அதிகாரி சத்யப்ரியா படியிறங்கி வந்தாள். அவளும் கரக்பூர்க்காரிதான். கிடங்கில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் கோவிந்தராஜனும் அவளும் மட்டும். முப்பத்தைந்து வயதிருக்கும். அட்டையில் செருகிய படிவம் கையில் இருந்தது.

“வண்டியை யார் நிறுத்தச் சொன்னது?”

“நான்தான்,” என்றார் சிவராம். “நாலாம் ரூம் கம்பி அறுந்துபோயிருக்கு.”

“சரி சார், எழுதிக்கறேன்.” பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள். “எப்பலேர்ந்து?”

கோவிந்தராஜன் தரையைப் பார்த்தார்.

“சப்தமிலேர்ந்து,” என்றார் சிவராம். “காலை பத்து நாற்பது.”

அவள் எழுதவில்லை. “அன்னியிலேர்ந்தா? அப்ப அலாரம் ஏன் அடிக்கல?”

“அடிக்காதபடி நான் பண்ணி வெச்சிருந்தேன். நாலு வருஷம் முன்னாடி. எடுக்க மறந்துட்டேன்.” பையிலிருந்து தாளை எடுத்து அவள் அட்டையின் மேல் வைத்தார். “இந்தப் பதினாறு மணி நேரத்துல ரூம் என்ன குளிர்ல இருந்ததுன்னு எனக்குத் தெரியாது.”

“ரெஜிஸ்டர்?”

“அதுவும் பொய்தாம்மா,” என்றார் கோவிந்தராஜன், யாரும் கேட்பதற்கு முன்பே. பிறகு சிவராமைப் பார்த்து, “நீங்க விழற கிணத்துல என்னையும் இழுத்துட்டுத்தான் விழுவீங்க,” என்றார்.

சத்யப்ரியா மூன்று போன் பேசினாள். பழைய சர்வரை யாரும் தொடக் கூடாது என்றும், ஆயிரத்து நூற்று நாற்பதையும் கிளினிக்குகள் போடாமல் நிறுத்திவைக்க வேண்டும் என்றும் வங்காளியில் சுருக்கமாகச் சொன்னாள். உறைந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு என்றாள். குலுக்கிப் பார்ப்பது. ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி மேஜையில் வைக்க வேண்டும். கெட்டுப்போன மருந்தில் வண்டல் சீக்கிரம் அடியில் தங்கும். உறையவைக்க ஓர் இராத்திரி ஆகும்.

“இது விஷமாயிடுமா?” என்று சிவராம் கேட்டார்.

“இல்ல சார். ஆனா போட்டும் போடாத மாதிரி. அம்மா அப்பா கார்டைப் பார்த்துட்டு, நம்ம பிள்ளைக்கு ஒண்ணும் வராதுன்னு நினைச்சிட்டிருப்பாங்க.”

வீட்டுக்கு வந்து எட்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார்.

“ஆபீஸ்ல என்ன ஆச்சு?” என்றாள் மீனாக்ஷி.

“ஒண்ணுமில்லை.”

“ரசத்துல உப்பே போடலை நான். இரண்டாவது தடவை விட்டுண்டு சாப்பிடறேள். என்னன்னு சொல்லுங்கோ.”

சொன்னார். அவள் இலையைப் பார்த்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள். “எல்லாத்தையும் மூணு தரம் இழுத்துப் பார்ப்பேளே,” என்றாள் கடைசியில். உப்பு ஜாடியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு சத்யப்ரியா மூன்று குப்பிகளை ஒரே கையில் பிடித்துக் குலுக்கினாள். ஒன்று அவள் வேண்டுமென்றே உறையவைத்தது. ஒன்று குறை சொல்ல முடியாத இரண்டாம் அறையிலிருந்து எடுத்தது. ஒன்று நான்காம் அறையுடையது. மூன்றும் பால் மாதிரி கலங்கின. மேஜையில் வெளிச்சத்துக்கு எதிரே வைத்தாள். யாரும் மேஜையில் கை ஊன்றக் கூடாது என்றாள்.

சிவராம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான்கு நிமிடம் மூன்றும் ஒன்று போலவே இருந்தன. ஆறாவது நிமிடம், உறையவைத்த குப்பியின் மேல்பக்கம் தெளியத் தொடங்கியது. இரண்டாம் அறைக் குப்பி அசையாத பால். நான்காம் அறைக் குப்பியை அவர் பார்க்கப் பயந்தார். பார்த்தார். அதன் கழுத்துக்குக் கீழே நூலிழை அளவுக்குத் தெளிந்த தண்ணீர் நின்றது. பதினைந்தாவது நிமிடம் அதுவும் உறையவைத்ததும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

“உறைஞ்சிருக்கு,” என்றாள் சத்யப்ரியா. கோவிந்தராஜன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நவம்பர் 4ஆம் தேதிக்குள் 1,078 குப்பிகள் திரும்பி வந்தன. அறுபத்திரண்டு ஏற்கெனவே போடப்பட்டுவிட்டன. சிவராமுக்கும் கோவிந்தராஜனுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கோவிந்தராஜன் பத்து நாள் சிவராமோடு பேசவில்லை. பதினோராம் நாள் காலை போன் செய்து, “முள்ளு நாலரை சார், புள்ளி கேக்காதீங்க,” என்று மட்டும் சொல்லி வைத்தார்.

குழந்தைகளைத் திரும்ப அழைத்து ஊசி போடுவது கிளினிக்குகளின் பொறுப்பு. ஆனால் பட்டியலை சிவராம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு பெயராக, வந்தாயிற்றா என்று விசாரித்துக் குறித்தார். நவம்பர் 20ஆம் தேதி ஐம்பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். மூன்று பேர் வரவில்லை. ஒரு குடும்பம் ஆசன்சோலுக்குப் போயிருந்தது, அங்கேயே போட ஏற்பாடாயிற்று. இன்னொன்றை பெஹாலாவில் நேரில் போய்க் கண்டுபிடித்தார்.

மிச்சம் ஒன்று. டாங்ராவில் ஒரு சின்ன கிளினிக். அக்டோபர் 27ஆம் தேதி, ‘ரீனாவின் குழந்தை, பெண், ஒன்றரை வயது’ என்று எழுதியிருந்தது. விலாசம் இல்லை. போன் எண்ணில் ஒன்பது இலக்கம்தான் இருந்தது. எழுதிய நர்சுக்கு முகம்கூட நினைவில்லை.

சிவராம் கணக்குப் போட்டார். ஒன்பது இலக்கத்தில் எங்காவது ஓர் இலக்கத்தைச் செருகினால் தொண்ணூற்றொரு எண்கள் வரும். கைபேசி எண் ஆறுக்குக் குறைந்த இலக்கத்தில் தொடங்காது என்பதால், பூஜ்யம் முதல் ஐந்து வரை தொடங்கும் ஆறு எண்களைக் கழிக்கலாம். எண்பத்தைந்து. அந்நியரிடம் போனில் பேசவே பயப்படும் மனிதர் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தினம் பத்துப் பத்தாக அழைத்தார். திட்டு வாங்கினார். ஒரு கிழவர் தன் மகன்தான் குரலை மாற்றிப் பேசுகிறான் என்று நினைத்து அழுதார். ஒருவன் போலீசில் சொல்லிவிடுவேன் என்றான்.

நாற்பத்தேழாவது எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம்.

“ரீனாவா பேசறது?” என்று வங்காளியில் கேட்டார். “பூஜைக்கு அப்புறம் டாங்ராவுல குழந்தைக்கு ஊசி போட்டீங்களா?”

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

“ஆமா. ஏன்? என் குழந்தைக்கு என்ன?”

ஒரு மாதமாக அவருக்குள் இருந்த பயம் அப்படியே அவள் குரலில் இருந்தது. அவர் அவசர அவசரமாக, வார்த்தை தடுக்கத் தடுக்கச் சொன்னார்: குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, போட்ட மருந்து வீணானது, இன்னொரு தடவை போட வேண்டும், நாளைக்கே போடலாம்.

“வீணான மருந்தை யார் கொடுத்தது?” என்றாள் அவள்.

“நான் வேலை பார்க்கற கிடங்கு,” என்றார் சிவராம். “தப்பு என்னுது. என் பேர் சிவராம், எழுதிக்கோங்க.” பிறகு தன் போன் எண்ணை, பத்து இலக்கத்தையும், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவள் திரும்பச் சொல்லும்வரை காத்திருந்தார்.